கவுண்ட்டு ஏறிய அன்று வாங்கிய ஜிலேபி

வேங்கிக்காலில் புதிதாக முளைத்த நகர்களில் சடையனைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கொசு மருந்துக்காரர் என்றால் தெரியும். தோளில் ஒரு பை, கையில் டார்ச். பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு ஊரார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்க்கிற மனுஷனைத் தெரு நாய்கூட ஒரு தினுசாகத்தான் பார்க்கும். சடையன் அதையெல்லாம் சட்டை செய்வதில்லை. டிரம், மாடித் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டி நிற்கிற தட்டு, மொட்டை மாடியில் வீசிய டயர், தேங்காய்ச் சிரட்டை, எதையும் விடமாட்டார். "நேத்துதான ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரு" என்று எரிந்து விழுகிற வீட்டம்மாவிடம், "நேத்து வந்துட்டோம்னு கொசு இன்னிக்கு வராம இருக்குதாம்மா?" என்பார்.

அப்படித் திட்டுகிறவர்களே வீட்டில் காய்ச்சல் என்றால் அவரைத்தான் தேடுவார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டை டாக்டருக்கு முன்னால் அவரிடம் காட்டுகிறவர்களும் உண்டு. சடையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதில் ஒரே ஒரு வரியைத் தேடுவார். பிளேட்லெட் எவ்வளவு என்கிற வரி. எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனுஷனுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் இங்கிலீஷில் எந்த மூலையில் கிடந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஆஸ்பத்திரி வராந்தா.

அவருடைய மகன் திருமலை பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சலாக விழுந்தான். டெங்கு என்றார்கள். காலையில் நர்ஸ் வந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். எண்பதாயிரம். மறுநாள் நாற்பத்தைந்து. ரத்தம் உறைந்து நிற்பதற்கு பிளேட்லெட் என்கிற அந்தத் தட்டணுக்கள் வேண்டும், அவை குறைந்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும் என்று வராந்தாவில் இருந்தவர்கள் சொன்னார்கள். சடையன் பப்பாளி இலையை இடித்துப் பிழிந்து பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு ஓடினார். ஆதிலட்சுமி அதை மகனுக்கு ஸ்பூனால் ஊட்டினாள். அவன் கசப்பில் முகத்தைச் சுளித்து, "போதும்மா, நாளைக்குக் குடிக்கிறேன்" என்றான். கடைசியாகச் சொன்ன எண் பன்னிரண்டாயிரம். அதற்குப் பிறகு யாரும் வந்து எண் சொல்லவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். சடையன் விஷயத்தில் அது தலைகீழாகப் போயிற்று. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எந்தக் கொசு மகனைத் தின்றதோ அந்தக் கொசுவின் பின்னாலேயே அலையப் போனார். தினக்கூலி வேலை. ஆனால் அவரைப்போல அந்த வேலையைச் செய்தவர்கள் குறைவு. கவுண்ட்டு, அதாவது அந்த எண், இறங்கினால் சாவு, ஏறினால் பிழைப்பு. இதுதான் அவர் படித்த வைத்தியம், இதுதான் அவர் நம்பிய வேதம். பாதி வேதம் படித்தவனுக்குத்தான் நம்பிக்கை ஜாஸ்தி. அந்த மற்றப் பாதி அவருக்குத் தெரிய வந்தபோது, அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஆதிலட்சுமியைப் பற்றிச் சொல்லவேண்டும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல் அவர்கள் வீடு. வீட்டு வாசலிலேயே ஒரு மேசை போட்டு வேகவைத்த மல்லாட்டை விற்பாள். கிண்ணத்தில் கோபுரமாக அள்ளிப் போட்டு, மேலே ஒரு கை கொசுறும் போடுவாள். இப்படிக் கொடுத்தால் எங்கே உருப்படுவது என்று பக்கத்து டீக்கடைத் தங்கம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். அதைவிடப் பெரிய கூத்து பௌர்ணமி அன்று நடக்கும். வெளியூர் ஜனம் லட்சக்கணக்கில் அந்தப் பாதையில் நடக்கிற நாளில் ஆதிலட்சுமி மேசையை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் நடக்கக் கிளம்பிவிடுவாள்.

"மாசத்துல ஒரு நாளுதான் மகாலட்சுமி இந்தத் தெருவுல நடந்து வர்றா. அன்னிக்குப் பாத்து கடைய சாத்திட்டு இவளும் அவ பின்னாடியே நடக்கிறா" என்பாள் தங்கம்மாள்.

மகன் போன பிறகு எடுத்துக்கொண்ட நேர்த்திக்கடன் அது. ஒரு பௌர்ணமிகூட விடாமல் மலையைச் சுற்றிவந்து, பாதையில் இருக்கிற எமலிங்கத்தின் முன்னால் பிள்ளை பேருக்குக் கற்பூரம் ஏற்றவேண்டும். ஏற்றினால் அவன் போன இடத்தில் நன்றாக இருப்பான். ஆனால் பெண் உடம்பு நேர்த்திக்கு எங்கே ஒத்துழைக்கிறது? தூரமான சமயத்தில் பௌர்ணமி வந்துவிட்டால் போகக்கூடாது என்பது அவர்கள் வீட்டுக் கட்டுப்பாடு. அந்த மாதங்களில் அவள் வாசலில் உட்கார்ந்து, போகிற கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அதனால்தான் மாதவிலக்கு ஒரேயடியாக நின்றபோது, மற்ற பெண்கள் மூட்டு வலி, இடுப்பு வலி என்று புலம்புகிற நேரத்தில், இவள் கேசரி கிண்டினாள். "இனிமே எவன் என்னைத் தடுப்பான்?" என்றாள். அதன் பிறகு மூன்று வருஷம் ஒரு பௌர்ணமியும் தவறவில்லை.

மகன் போனதில் வீட்டுக்குள் இன்னொன்றும் மாறியது. அதுவரைக்கும் புருஷனை அவள் "திருமலை அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அப்புறம் "இந்தாங்க" என்றாகிவிட்டது. மகள் அருணாதேவி கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டு இருக்கிறாள்; அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. சடையனும் ஏன் என்று கேட்கவில்லை. அவரும்தான் சிரிப்பதை விட்டுவிட்டிருந்தார்.

போன வருஷம் ஆவணியில், கொசு ஒழிப்பு வேலைக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு சின்ன கிளினிக்கில் இலவசமாக ரத்தம் பரிசோதித்தார்கள். ஆதிலட்சுமிக்குக் கொஞ்ச நாளாகவே முகம் வெளுத்திருந்தது. குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கினாள். வயசாகிறது என்று சடையனும் நினைத்தார், அவளும் அப்படியே சொன்னாள். இருந்தாலும் ஓசியில் பார்க்கிறார்களே என்று கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் முடிவு அவர் போனுக்கு வந்தது. சடையன் ஒரு வேப்பமரத்தடியில் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியைத் தேடினார். நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். நாலரை லட்சம்தான் மேல் வரம்பு என்று பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. இவள் அதையும் தாண்டிவிட்டாள்! அந்த வரிக்கு மேலே இரும்புச்சத்து, ரத்த அளவு என்று வேறு வரிகள் குறைவாக இருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவருக்கு அது பெரிதாகப் பட்டிருக்காது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடச் சுவரில் தினமும் படித்தவர்தான். அது சாப்பாட்டுக்குச் சொன்னது என்று இருந்துவிட்டார்.

பன்னிரண்டாயிரத்தில் பறிகொடுத்த வீட்டுக்கு நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம் வந்திருக்கிறது. மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேராக மிட்டாய்க் கடைக்குப் போய் ஜிலேபி வாங்கினார். உடன் வேலை செய்கிற சகாதேவன், சடையன் இனிப்பு நீட்டுவதைப் பார்த்து மிரண்டு போனான்.

"இன்னாண்ணே விசேஷம்? பேரன் பொறந்திருக்கானா?"

"அதெல்லாம் இல்லடா. வீட்ல கவுண்ட்டு அஞ்சு லட்சம் கிட்ட இருக்குது! எந்தக் காய்ச்சலும் அவள அசைக்க முடியாது."

"அட, எனக்கே ஒன்ற லட்சம்தாண்ணே. அண்ணி கெட்டிதான்" என்று சகாதேவன் இரண்டாக எடுத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் ஆதிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் மல்லாட்டை மேசைக்குப் பின்னால் இருப்பாள். அன்றைக்கு மேசை போடவில்லை. வெளியே போய்வந்த புடவையை இன்னும் மாற்றாமல், தூணைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தபடி இருந்தாள். "இந்தாங்க, உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். சடையன் அதைக் காதில் வாங்கவில்லை. "வாயத் தொற" என்றார். வாசலில், நாலு பேர் போகிற தெருவில், கல்யாணமான புதிதில்கூடச் செய்யாத காரியத்தைச் செய்தார். ஜிலேபியை விண்டு அவள் வாயில் வைத்தார். "கவுண்ட்டு எவ்ளோ தெரியுமாடி? நீ நூறு வயசு இருப்ப!" என்று பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

ஆதிலட்சுமி ஜிலேபியை மென்றுகொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னாவோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்குதாம். மாத்திரை குடுத்திருக்காங்க."

"அவ்ளோதான? முருங்கக்கீரைய தின்னா சரியாப் போவுது" என்றார் சடையன். மறுநாளிலிருந்து எங்கே வேலைக்குப் போனாலும் அந்த வீட்டு முருங்கைமரத்தில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தார்.

அந்த வருஷம் முழுக்க அவர் கண்ணுக்கு எதிரிலேயே எல்லாம் நடந்தது. பழைய புடவைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து காணாமல் போயின. கொல்லைப்புறக் கொடியில் விடியற்காலையிலேயே துணித்துண்டுகள் காய்ந்தன. பாத்திரம் துடைக்கத்தான் போல என்று நினைத்தார். அடுத்த வீட்டுத் தொட்டியில் நெளிகிற புழுவை டார்ச் அடித்துக் கண்டுபிடிக்கிறவர், சொந்த வீட்டுக் கொடியைப் பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்றும் சொல்லவேண்டும். அந்தத் துணிகளைப் பற்றி ஆம்பளை கேட்கக்கூடாது, பொம்பளை சொல்லக்கூடாது என்றுதானே நாம் எல்லோரும் வளர்ந்தோம்.

சித்திரைப் பௌர்ணமிக்கு அருணாதேவி வந்திருந்தாள். அம்மா ரொம்பத் தளர்ந்திருக்கிறாளே என்று தானும் கூட நடந்தாள். மத்தியான வெயில் தாழ்ந்ததும் வீட்டிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, எமலிங்கம் வரைக்கும் வந்துவிட்டார்கள். கற்பூரத்தை ஏற்றினாள். அதைக் கும்பிட்டு நிமிரும்போது அப்படியே சரிந்தாள். தூக்கிப் பிடித்த மகளின் கையெல்லாம் ரத்தம்.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய். கர்ப்பப்பையைத் தாண்டி வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். அறுத்து எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள்.

சடையன் நம்பவில்லை. முதலில் ரத்தம் பார்த்த அந்தச் சின்ன கிளினிக்குக்கு ஓடினார். அங்கிருந்த டாக்டர் கவிநிலாவுக்குச் சின்ன வயசு, அவருடைய மகள் வயசுதான் இருக்கும். சடையன் போனைத் திறந்து, எட்டு மாதமாக அழிக்காமல் வைத்திருந்த அந்த முடிவை நீட்டினார்.

"பாருங்க டாக்டரம்மா. இவ்ளோ கவுண்ட்டு இருந்தவளுக்கு எப்படிம்மா இது வரும்? அங்க தப்பாச் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்த பேசுங்க."

கவிநிலா அதைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கேஸ் மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவரை உட்காரச் சொன்னாள்.

"ஐயா, நீங்க கொசு மருந்து வேலைதான பாக்கறீங்க? ஒரு தெருவுக்கு நீங்க தினமும் எத்தன பேர் போவீங்க?"

"ஒருத்தர். மிஞ்சினா ரெண்டு பேர்."

"ஒரு நாளு திடீர்னு ஒரே தெருவுல இருபது பேர் எறங்கி நின்னா, அந்தத் தெருவுக்கு நல்ல சேதியா?"

சடையனுக்கு அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இருபது பேர் இறங்குகிறார்கள் என்றால் அந்தத் தெருவில் யாருக்கோ டெங்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 

"இந்தத் தட்டணுவும் அப்படித்தாங்க ஐயா. ரத்தக்கசிவ அடைக்கிற ஆளுங்க. கம்மியாப் போனா ஆபத்து, அது உங்களுக்குத் தெரியும். ஜாஸ்தியா இருந்தா பலம்னு அர்த்தம் இல்ல. எங்கயோ இன்னாவோ நடக்குதுன்னு அர்த்தம். முக்காவாசிப் பேருக்குச் சின்ன விஷயமாத்தான் இருக்கும். இரும்புச்சத்து கம்மியா இருந்தா ஏறும், காய்ச்சல், சளி, புண்ணு இருந்தா ஏறும். கொஞ்ச நாள் கழிச்சு திரும்பப் பாத்தா எறங்கியிருக்கும். பயப்படவே தேவையில்ல. ஆனா ஏன் ஏறுச்சுன்னு ஒரு தடவ கேக்கணும். அதக் கேக்காம விடக்கூடாது."

"யாரும் கேக்கலியேம்மா" என்றார் சடையன்.

கவிநிலா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நான் கேட்டேங்க ஐயா. முடிவு வந்த அன்னிக்கே அம்மாவ இங்க கூப்பிட்டு விட்டேன். ரத்தம் ஏன் கம்மியாச்சு, மாசம் நின்ன பொறவு எங்கனா ரத்தம் போவுதான்னு கேட்டேன். மொதல்ல இல்லன்னாங்க. அப்புறம் அழுதுட்டே ஆமான்னாங்க. நின்ன பொறவு ஒரு சொட்டு வந்தாலும் பாத்தே ஆவணும்மா, ஸ்கேன் எடுக்கணும், வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடறேன்னு சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டு தடவ போன் போட்டோம். வர்றேன் வர்றேன்னாங்க."

சடையன் போனை அணைத்துப் பையில் போட்டார். கடைசியில், கேட்கவேண்டாம் என்று நினைத்ததையே கேட்டார்.

"அப்பவே வந்திருந்தா?"

அந்தப் பெண் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அப்பவே பாத்திருந்தா, ஆரம்பத்துல இருந்திருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. கர்ப்பப்பைய எடுத்துட்டு நல்லா இருக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சடையனுக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் பொங்கியது. எல்லாம் அந்த நேர்த்தி. தூரம் என்று தெரிந்தால் பௌர்ணமிக்குப் போகவிடமாட்டேன் என்று மறைத்திருக்கிறாள். செத்த பிள்ளைக்குக் கற்பூரம் கொளுத்துவதற்காக உயிரோடு இருக்கிற தன்னைக் கொளுத்திக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார்.

"மலையச் சுத்தணும்னா எங்கிட்ட மறைச்ச? நான் வேணான்னா சொல்லியிருப்பேன்? சாமி வேணான்னா சொல்லியிருக்கும்?"

ரத்தம் போய் வெளுத்து, போர்த்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்த ஆதிலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாங்க. மொதல்ல அதுக்குத்தான் மறைச்சேன். தூரத்தோட சுத்தினா பாவம்னு தெரியும். அந்தப் பாவம் எனக்கு வரட்டும், புள்ளைக்கு ஏத்துற கற்பூரம் நிக்கக்கூடாதுன்னு நெனச்சேன்."

"டாக்டரம்மா சொன்ன பொறவும் ஏன்டி சொல்லல?"

அவர் விடவில்லை. இரண்டாவது முறை, மூன்றாவது முறை கேட்டார். பக்கத்தில் இருந்த அருணாதேவி, "விடுப்பா, அம்மா முடியாம கெடக்குது" என்று தடுத்தாள். அப்போதுதான் ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள்.

"சொல்லணும்னுதாங்க வாசல்ல நின்னேன். கட்டின பொடவையக்கூட மாத்தாம நின்னேன். நீங்க ஜிலேபிய எடுத்துட்டு வந்தீங்க."

ஆதிலட்சுமி தொடர்ந்தாள். "நீங்க சிரிச்சீங்க. புள்ள போனதுலேர்ந்து நான் அந்தச் சிரிப்பப் பாக்கவே இல்ல. மறந்தே போயிருந்தேன், உங்களுக்கு அந்தக் கோணப்பல்லு இருக்கிறதயே. நான் வாயத் தொறந்தா அது போயிடும். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநாளு முருங்கக்கீரையோட சிரிச்சிக்கிட்டே வந்தீங்க. அதுக்கு மறுநாளும் அப்படியே வந்தீங்க. எந்த நாளுன்னு பாத்து அதத் தொடச்சிப் போடுறது?"

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார் சடையன். மகனுக்கு அழுததுகூட அப்படி இல்லை. மகனைக் கொன்றது ஒரு கொசு. அதன் மேல் கோபப்பட்டுக்கொண்டு இத்தனை வருஷம் தெருத்தெருவாக ஓட முடிந்தது. இவளைக் கொன்றுகொண்டிருப்பது தன்னுடைய சந்தோஷம். அதை எந்தத் தொட்டியில் தேடி, எந்த மருந்தை ஊற்றுவது?

மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் அவளுக்குத் தலைமுடி கொட்டியது. சடையன் வேலைக்கு லீவு போட்டார். அவள் பாத்திரத்தை அவர் கழுவினார், அவள் துணியை அவர் அலசினார். கொல்லைப்புறக் கொடியில் பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கவே காயப் போட்டார். தங்கம்மாள் வேலி ஓரத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஆடி, ஆவணி, புரட்டாசி. அந்தப் பௌர்ணமிகளில் எல்லாம் ஆதிலட்சுமியை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவளுக்குப் பதிலாகத் தான் சுற்றிவருவதாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "வேணாம், என் பக்கத்துல இருங்க" என்றுவிட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தட்டணுக்கள் இறங்க ஆரம்பித்தன. இந்தத் தடவை எண் ஒவ்வொன்றாக அருணாதேவியின் போனுக்கு வந்தது. தொண்ணூறாயிரம் என்றாள். அடுத்த வாரம் நாற்பத்தொன்று. இனிமேல் மருந்து ஏற்றவேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தும் ஒரு காலையில் கடைசியாக ஒருமுறை ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் முடிவு வந்தது. அருணாதேவி போனை அப்பாவிடம் நீட்டினாள். சடையன் கண்ணாடியை மாட்டவில்லை. பதினான்காயிரம் என்பது கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

"எவ்ளோங்க?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருக்கு எண்ணை மாற்றாமல் படித்துச் சொன்னவர் சடையன். பயந்துவிடுவார்கள் என்று ஒருத்தரிடமும் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கட்டில் பக்கம் போனார்.

"நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம்" என்றார்.

ஆதிலட்சுமி அவரைப் பார்த்தாள். அவளும் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள்தான். ஈறில் கசிகிற ரத்தமும் கையில் படர்ந்திருக்கிற கருநீலத் திட்டுகளும் என்ன எண்ணைச் சொல்கின்றன என்று அவளுக்குத் தெரியும்.

"அப்ப ஜிலேபி எங்க, திருமலை அப்பா?" என்றாள்.

அந்த அழைப்பு காதில் விழுந்து எத்தனை காலம் ஆயிற்று. சடையன் குடையை எடுக்க மறந்து, பஸ் பிடித்து மழையில் டவுனுக்குப் போனார். அதே கடைக்குப் போய் நின்றார். நனைந்து ஒழுகிக்கொண்டு ஜிலேபி கேட்கிற மனுஷனைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பொட்டலத்தைப் பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

அருணாதேவி அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சடையன் நகம் அளவுக்கு ஒரு துண்டு விண்டு அவள் நாக்கில் வைத்தார். அவளால் மெல்ல முடியவில்லை. வாயிலேயே வைத்திருந்தாள். பாகு கரைந்து இறங்கியிருக்கவேண்டும். கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் அவர் முகத்தையே பார்த்தாள், எதற்கோ காத்திருக்கிறவள் மாதிரி. அன்றைக்கு வாசலில் பார்த்த அதே பார்வை.

சடையனுக்குப் புரிந்தது. சிரித்தார். கோணப்பல் தெரிய, பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனபோதும் நிறுத்தவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார்.